சுடாத வெந்நீர்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கிச் சில அடிகள்தான் நடந்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"டீச்சர், செருப்ப பஸ்ஸுலயே விட்டுட்டுப் போறீங்களே!"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. மழை விட்ட தரை. ஈரமும் தெரியவில்லை, கல்லும் தெரியவில்லை. சிரித்துச் சமாளித்தபடி செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அப்போது நீரிழிவு எனக்குப் புதிதல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சீனி இருக்கு" என்றிருந்தார். கொஞ்சம் என்ற சொல்லை நான் அப்படியே நம்பினேன். தேநீரில் சீனியை நிறுத்தினேன். மாத்திரையை ஒருநாளும் தவறவிடவில்லை. ஆனால் காலையில் இடியப்பம், பகலில் சோறு, இரவில் ரொட்டி என்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். அரிசியும் மாவும் இரத்தத்தில் சீனியாகத்தான் போய்ச் சேரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இன்றும் என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இனிப்பு நெறைய சாப்பிடுவீங்களோ?" என்பதுதான். இதை வாசிக்கும் உங்களுக்கும் நீரிழிவு இருந்தால், உங்களிடமும் கேட்டிருப்பார்கள். நோயைவிட அந்தக் கேள்வி எனக்குக் கசக்கிறது.

செருப்பு விட்டுப்போன அந்த வாரமே கிளினிக்குக்குப் போனேன். மருத்துவர் யாழ்ப்பாணத்து இளம்பெண். கையில் மெல்லிய நைலான் இழை ஒன்றை வைத்திருந்தார்.

"கண்ணை மூடுங்கோ ரீச்சர். காலிலை படுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்கோ."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே நோயாளிகளின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. வெகுநேரமானதுபோல் இருந்தது.

"தொடங்குங்க டொக்டர்" என்றேன்.

"முடிஞ்சுது ரீச்சர்."

நரம்புப் பாதிப்பு (இரத்தத்தில் சீனி நீண்டகாலம் கூடியிருப்பதால் நரம்புகள் உணர்வை இழப்பது) என்று விளக்கினார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் மோசமாகவே வந்திருந்தது. மாத்திரையைக் கூட்டினார். வெறுங்காலில் நடக்க வேண்டாம், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். "இனி உங்கட கால் உங்களுக்கு ஒண்டும் சொல்லாது" என்றும் சொன்னார். வெந்நீரைப் பற்றிச் சொன்னாரா என்று நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று எதுவும் என் காதில் ஏறியிருக்காது.

பள்ளிக்கூட விடுமுறைக்கு ஹேவாஹெட்டவிலுள்ள தங்கை ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனேன். அங்கே பகலிலும் குளிர். கல் பட்டாலும் தெரியாத என் கால்களுக்குள், எங்கிருந்தோ ஒரு குளிர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. தங்கை என் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். பேசினில் பச்சைத்தண்ணீரோடு கலந்து என் கால்களை வைக்கச் சொன்னாள்.

"சூடு போதுமாக்கா?"

"சூடே இல்லியே. இன்னும் ஊத்து."

ஊற்றினாள். சுகமாகக்கூட இருந்தது. கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலை அவள்தான் அலறினாள். "அக்கா, காலுல என்ன இது!" பாதமெல்லாம் கொப்புளம். வலி இல்லை. வலித்திருந்தால் நான் அழுதிருப்பேன். வலிக்காததால் பயந்தேன்.

ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்து இன்சுலின் தொடங்கினார்கள். இடது காலில் கிருமி பிடித்தது. இரண்டு விரல்கள் கறுத்தன. அவற்றை எடுக்காவிட்டால் பாதமே போகும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தபோது தங்கை சூப் கொண்டுவந்தாள். நான் வாயை அடக்கவில்லை.

"ஒன் கைய வச்சாவது பாத்திருக்கலாமே?"

"நீதானேக்கா சூடே இல்லன்னு சொன்ன. இன்னும் ஊத்துன்னு கேட்ட."

அவள் சொன்னது சரி. அதனாலேயே என்னால் தாங்க முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். சூப்பை வைத்துவிட்டுப் போனவள் பல மாதங்கள் வரவில்லை. நானும் அழைக்கவில்லை.

புண் ஆறியது. பள்ளிக்கூடத்தில் இப்போது கதிரையில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறேன். வயிற்றில் இன்சுலின் ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டேன். சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டியபின் சீனி கட்டுக்குள் வந்துவிட்டது. மருத்துவர் பாராட்டினார். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு எளியதை முன்பே ஒருவர் சொல்லியிருக்கலாம். போன உணர்வு முழுதாகத் திரும்பாது என்று அவரே சொல்லிவிட்டார்.

முன்பெல்லாம் அடிபட்டால் முதலில் வலிக்கும், பிறகுதான் காயத்தைப் பார்ப்போம். இப்போது என் காலுக்கு நடந்ததை நான் எல்லாருக்கும் கடைசியாக அறிகிறேன்.

போன மாதம் ஸ்டெல்லா வந்தாள். மன்னிப்பு என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. காலைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பாதத்தில் வெடிப்பு என்று சொல்லி, தரையில் உட்கார்ந்து கிரீம் தடவத் தொடங்கினாள். அவள் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி, ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சநேரம் கழித்து, பாவமாக இருந்ததால், "போதும், விடு" என்றேன்.

"நான் எப்பவோ விட்டுட்டேன்கா" என்றாள்.