நெத்தலி அடியும் சுறா அடியும்

அந்த வெள்ளைக்கார டிரம் அடிக்காரனை நான் நேரில் கண்டதில்லை. இசைத்தட்டு உறையில் தாடியும் மீசையுமாக நின்ற ஒரு படம்தான் எனக்கும் அவனுக்கும் உள்ள பழக்கம். ஆனால் எழுபதுகளின் கடைசியில் ஒரு தவக்காலம் முழுக்க அவன் எங்கள் வீட்டில்தான் குடியிருந்தான் என்று என் மனைவி சொல்லுவாள். "சோறு மட்டுந்தான் கேக்கேல்லை" என்பாள்.

அப்போது எனக்கு யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஐஸ் பக்டரியில் வேலை. கல்யாணமாகி ஒரு வருசமும் ஆகவில்லை. பின்னேரங்களில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் ஒரு சின்ன இசைக்குழுவில் பொங்கோ என்ற சின்னச் சோடிக் கொட்டுகளைத் தட்டுவேன். பைலாப் பாட்டுகளுக்கு இரண்டு கையும் கொஞ்சம் உசாரும் இருந்தால் போதும். எங்களோடு டிரம் அடித்தவர் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இருந்த முக்காலி வெறுமையாக நின்றது. எனக்கு அதில் ஒரு கண். அதை யாருக்கும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

குழுவை நடத்தியவர் கித்தார் வாசிப்பார். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணை. அவருடைய தங்கைக்கு உயிர்த்த ஞாயிறு கழித்து வரும் சனிக்கிழமை கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையும் கப்பல்காரர். சீதனப் பேச்சில் பேசாதிருந்த மனுசன், எங்களிடம் மட்டும் ஒன்று கேட்டார். ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து, "என்ரை கலியாணத்திலை உந்தப் பாட்டு வேணும். டிரம் உதிலை இருக்கிற மாதிரியே இருக்க வேணும்" என்றார்.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் அதைப் போட்டுக் கேட்டோம். பாட்டு முடிந்தது. எல்லாரும் ஒரேயடியாகப் பேசினோம்.

"உது ரெண்டு பேர் அடிக்கிறாங்கள் மச்சான்" என்றான் பேஸ் கித்தார்க்காரன்.

"ரெண்டு காணாது. மூண்டு" என்றார் கடைக்காரர்.

அண்ணை உறையைத் தூக்கிக் காட்டினார். "படத்திலை நிக்கிறது நாலு பேர். ஒருத்தன் பாடுறான். ரெண்டு பேர் கித்தார். மிச்சம் ஒருத்தன். அவனுக்கு எத்தினை கால் எண்டு பாருங்கோ."

டிரம் செட்டில் பெரிய டிரம்மைக் காலால் மிதித்துத்தான் அடிக்க வேண்டும். எங்களுடைய பழைய ஆள் அதை ஆறுதலாக மிதிப்பார். சபை ஆடுவதற்கு அது தாராளம். இவன் மிதித்தது வேறு. அடி இப்போது விழப்போகிறது என்று நாங்கள் காத்திருக்க, அதற்குச் சற்று முந்தி அவசரமாய் ஒன்று, அதோடு ஒட்டிக்கொண்டு பெரியது. வாசல்படி தடுக்கி விழப்போனவன் விழாமல், எதுவும் நடக்காததுபோல நடந்து போகிற மாதிரி. அதுவும் ஒரே காலால்.  இப்படி ஒரு மனுசன் இருக்கிறானே, அவனும் எங்களைப் போலத்தானே சோறோ பாணோ தின்று கால் வளர்த்திருப்பான் என்று நினைத்தேன்.

அண்ணை என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவர் எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். "தம்பி, உனக்கு அந்த முக்காலியிலை ஆசை எண்டு தெரியும். நான் ஒளிக்கேல்லை. கொழும்பிலை இருந்து ஒருத்தர் மாற்றலாகி இஞ்சை கந்தோர் வேலைக்கு வந்திருக்கிறார். அங்கை பெரிய ஹோட்டலுகளிலை டிரம் அடிச்ச ஆள். கலியாணத்துக்குச் சொல்லியிருக்கிறன். முன்னுக்கு வந்து இருப்பார். உந்தப் பாட்டை நீ ஒப்பேத்தினால் முக்காலி உனக்கு. பிழைச்சால் அவர் ஏறுவார். ஏறினவரைப் பேந்து என்னாலை இறக்கேலாது."

நான் ஓமென்றேன்.  அடுத்த நாள் சாம்பல் புதன், தவக்காலத்தின் தொடக்கம்.

எங்கள் பகுதியில் தவக்காலம் என்றால் தவக்காலம்தான். கல்யாணம் இல்லை, மேளம் இல்லை, பாட்டுப் பெட்டி இல்லை. சிலுவைப்பாதையும் ஒப்பாரிப் பாடலும்தான் கேட்கும். டிரம் செட்டைப் வள்ளத்துப் பழைய பாய்ச்சீலையால் மூடிக் கட்டி அண்ணை வீட்டு அறையில் பூட்டிவிட்டார்கள். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின பெரிய சனி தாண்டும்வரை அதைத் தொட முடியாது. ஒரு முழு டிரம் செட்டை முதன்முதலாகப் பழக வேண்டிய ஆளுக்கு, தொடுவதற்கு டிரம் இல்லை.

வீட்டில் தலையணையை எடுத்து மடியில் வைத்தேன். மனைவி நெற்றியில் சாம்பல் அழியாமல் வந்து நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, தவக்காலத்திலை கொட்டுத் தட்டுறது பாவமெல்லோ?"

"சத்தம் வந்தால்தானே பாவம்? உதிலை சத்தம் வருதே?"

காதைக் கொடுத்துக் கேட்டாள். பஞ்சுத் தலையணை மூச்சுக்கூட விடவில்லை. "சரி, அடியுங்கோ. ஆனால் உது என்ரை தலகாணி, கீழை வையுங்கோ. உங்கடையை எடுங்கோ" என்றாள்.

கை தலையணையில், கால் மணலில். முற்றத்து மணலில் குதியை ஊன்றி முன்பாதத்தால் மிதித்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, என் கையும் காலும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியாத சோடி என்று. கை விழுகிற இடத்தில் கால் விழும். காலை நிறுத்தினால் கையும் நின்றுவிடும். கிணற்றடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "உங்கடை காலும் கையும் ஒட்டிப் பிறந்ததுகளே? ஒண்டு கோயிலுக்குப் போனால் மற்றதும் வெளிக்கிடுது."

பாட்டைக் கேட்காமல் பழக முடியாது. அதற்கு ஒரு வழி கிடைத்தது. எங்கள் கச்சேரி ஒன்றில் மைக் பழுதானபோது திருத்தித் தந்து சிநேகிதமான ஒரு பல்கலைக்கழக மாணவன், எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். வன்னிப் பக்கத்துச் சைவக்காரன். அவனுக்குத் தவக்காலம் இல்லை, கசெற் பெட்டி இருந்தது. மாப்பிள்ளையின் இசைத்தட்டை இரவல் வாங்கிப் பாட்டைக் கசெற்றில் பதிந்து வைத்திருந்தான். வேலை விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போவேன். அங்கேயும் ஒரு கரைச்சல். வீட்டுக்காரர் பிள்ளைகள் சோதனைக்குப் படிக்கின்றன, பெட்டியைச் சத்தமாய்ப் போடக் கூடாது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, பெட்டியோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டேன்.

கடையில் பெரிய ஒலிபெருக்கியில் கேட்காத ஒன்று அப்போது கேட்டது. பெரிய அடிகளுக்கு இடையில், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக் குச்சியால் அடிக்கும் நடு டிரம்மின்மேல், சின்னச் சின்ன அடிகள். குச்சி தோலைத் தொட்டதோ தொடவில்லையோ என்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்லிய அடிகள்.

"மச்சான், இவன் பெரிய அடியைக் காட்டி எங்களை ஏமாத்திறான். வேலை முழுக்க உள்ளுக்கை நடக்குது" என்றேன்.

"நீ காதை எடுத்தால் நானும் கேப்பன்" என்றான் அவன்.

அவ்வளவு பலசாலி, உறைப் படத்தில் தூண் மாதிரிக் கை, அந்தக் கையால் இவ்வளவு மெதுவாகத் தட்டுகிறானே என்பதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. பலமாக அடிக்க எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் காட்டாமல் விட அவனுக்கு என்ன மனசு வந்தது!

ஆனால் அதை மனதில் பிடித்துவைக்க ஒரு வழி வேண்டும். தாளச் சொற்கட்டு நான் முறையாய்ப் படித்தவன் அல்ல. எனக்குத் தெரிந்தது மீன். திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது சைக்கிளில் வாய் தானாகவே சொல்லத் தொடங்கியது. அவசரமாய் ஒன்று, ஒட்டிக்கொண்டு பெரியதொன்று விழும் அந்தக் கால் அடி 'சுறா'. நடு டிரம்மில் ஓங்கி விழும் அடி 'பாரை'. இடையில் ஓடும் சின்ன அடிகள் 'நெத்தலி'. பாரை, நெத்தலி நெத்தலி, சுறா. வாய் முந்திப் போனால் கையும் காலும் தங்கள் தங்கள் மீனைத் தேடிப் பிரிந்து போயின. ஒட்டிப் பிறந்ததுகள் ஒருவாறு பாகம் பிரித்துக்கொண்டன.

மனைவியும் விளையாட்டாய்ச் சேர்ந்துகொண்டாள். நான் தலையணையை அடிக்க, அவள் அரிசி அரித்தபடி சொல்லுவாள். நெத்தலி வரும் இடத்தில் நான் பலமாய் அடித்துவிட்டால், "உது நெத்தலியே? உதுக்கு முள்ளும் இருக்கு, பல்லும் இருக்கு" என்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினா.

"பிள்ளை, நெத்தலி வந்திருக்கே? எனக்கும் கொஞ்சம் எடுத்து வை."

"இல்லை அக்கா, உது தலகாணியிலை பிடிச்ச நெத்தலி."

அக்கா என்னையும் மடியில் இருந்த தலையணையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆண்டவரே, நல்ல பெடியனாய் இருந்தது" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டா.

உயிர்ப்புத் திருநாள் முடிந்த அடுத்த நாள் அண்ணை வீட்டில் பாய்ச்சீலையை அவிழ்த்தார்கள். நான் முக்காலியில் இருந்தேன். கால் முதல் மிதியிலேயே சொன்னபடி கேட்டது. மணலில் பழகிய காலுக்கு மிதிகட்டை பூப்போல இருந்தது. சுறா வந்தது, திரும்பவும் வந்தது. அண்ணை கித்தாரை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தார்.

கைதான் மோசம் செய்தது. தலையணையில் குச்சி விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். தூக்குவது நம் மணிக்கட்டு. டிரம் தோல் அப்படியல்ல. விழுந்த குச்சியைத் திருப்பி எறியும். நான் ஒன்று அடிக்க அது இரண்டாய்த் துள்ளியது. நெத்தலியெல்லாம் பாரையாய்ப் போய், ஓடு பிரிகிற மாதிரி ஒரு சத்தம். தவக்காலம் முழுக்கப் பழகியதில் இந்த ஒன்றை நான் நினைத்தே பார்க்கவில்லை.

"கால் அவன்ரை கால்தான்" என்றார் அண்ணை. "கை தகரம் தட்டுறவன்ரை கை. சனிக்கிழமைக்குள்ளை உது சரிவருமே?"

அன்றிரவும் தலையணையை எடுத்து மடியில் வைத்து, அடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி காரணம் கேட்டாள், சொன்னேன். "தலகாணியிலை வந்தது தோலிலை வரேல்லையெண்டால் தோலுக்கு மேலை தலகாணியை வையுங்கோவன்" என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது பகிடியாய்ப் படவில்லை. மறுநாள் ஒரு குளிக்கிற துவாயை நாலாய் மடித்து நடு டிரம்மின்மேல் போட்டேன். துள்ளல் நின்றது, ஆனால் சத்தமும் செத்துப் போனது. பிறகு துவாயைப் பாதித் தோலுக்கு மட்டும் விட்டேன். நெத்தலி துவாய்ப் பக்கம், பாரை வெறுந்தோல் பக்கம். ஒரே டிரம்மில் இரண்டு டிரம். அண்ணை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பார்க்க உடுப்புத் தோய்க்கிற லோண்டறி மாதிரி இருக்கு. கேக்க நல்லாயிருக்கு" என்றார்.

சனிக்கிழமை கல்யாண வீட்டுப் பந்தலில் பலகை அடித்து மேடை. முன்வரிசையில் கொழும்புக்காரர் இருந்தார். வெள்ளைச் சேட்டு, பின்பொக்கெற்றில் சொந்தக் குச்சிகள். அந்தக் குச்சிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாப்பிள்ளை கேக் வெட்டி முடித்துக் கையைத் தூக்க, அண்ணை பாட்டைத் தொடங்கினார்.

எப்படி அடித்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. உதடு பாரை, நெத்தலி என்று முணுமுணுத்தபடி இருந்தது. சுறா விழுந்த ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை கல்யாணப் பொம்பிளையின் கையைப் பிடித்தபடி துள்ளினார். முடிந்தபோது பந்தல் கைதட்டியது. அண்ணை தட்டவில்லை. முன்வரிசையைப் பார்த்தார்.

கொழும்புக்காரர் எழும்பி மேடைக்கு வந்தார். துவாயின் ஒரு மூலையைத் தூக்கிக் கீழே பார்த்தார். திரும்பப் போட்டார். "இந்தக் கால் வேலையை எங்க பழகினீங்க?"

"முத்தத்து மணலிலை."

சிரித்தார். அண்ணை பக்கம் திரும்பி, "அவரே இருக்கட்டும். எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போனார். அண்ணை கித்தாரின் நரம்பை முறுக்குகிற சாட்டில் குனிந்து, "இனி எழும்பாதை" என்றார் என்னிடம்.

மாப்பிள்ளைக்கு ஆசை அடங்கவில்லை. அதே பாட்டை இன்னொருக்கால் கேட்டார். தொடங்கிக் கொஞ்சத்தில் பலகை அதிர்ந்து துவாய் வழுகிக் கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுக்க முடியாது. வெறுந்தோல் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நெத்தலி இரண்டு பாரையாய்த் துள்ளின. பந்தலில் ஒருவருக்கும் தெரியவில்லை. பந்தியில் இருந்த கொழும்புக்காரருக்குத் தெரிந்துவிட்டது. சோற்றுக் கையைத் தூக்கி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஒரு உப்புக்கல் அளவுக்குக் கிட்டவைத்துக் காட்டினார்.

குச்சியை நான் உயரத் தூக்குவதை விட்டேன். தோலுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, அடிக்காமல், விழவிட்டேன். அது எறிந்தது. எறிந்ததைத் திரும்ப விழவிட்டேன். அந்த வெள்ளைக்காரன் இசைத்தட்டில் செய்துகொண்டிருந்தது இதைத்தான் என்று கைக்கு அப்போதுதான் விளங்கியது. கொழும்புக்காரர் தலையாட்டிவிட்டு இறைச்சிக் கறியைக் கேட்டு வாங்கினார். நான் பாட்டு முடியும்வரை நெத்தலியை ஓடவிட்டேன்.