குளித்தால் போய்விடும் என்றேன்

ஒன்பது வயதுக் குழந்தையைக் கடன்காரியாக்கியவன் நான். பிரதோஷந்தோறும் என் பக்கத்தில் அமர்ந்து பாடும் அன்பர்களுக்கு இது தெரியாது. சொல்லாமல் சாகக் கூடாது என்று எழுதுகிறேன்.

அப்போது நான் பி.ஏ. முடித்துவிட்டு ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தேன். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, நிலம் வைத்திருந்தவர்கள் கண்ட கண்ட பெயர்களில் எழுதிக்கொண்டிருந்த காலம். என் அப்பாவும் எழுதினார். எங்கள் பண்ணையாள் மாரியப்பனின் மகள் அஞ்சலையின் பெயரில், காகிதத்தில் மட்டும், மூன்று ஏக்கர். வயது இருபத்தொன்று என்று போட்டது என் பேனா. அதே பெயரில் சங்கத்தில் பயிர்க்கடனும் எடுத்தோம். பணம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

கைநாட்டு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடச் சீருடைக்கு என்று பொய் சொல்லி அவளை வரவழைத்தேன். "எனக்குப் பேரு எழுதத் தெரியும் சின்னய்யா" என்றாள். குழந்தை எழுத்து காட்டிக்கொடுத்துவிடுமே. வேண்டாம் என்று கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினேன். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது போவுமா சின்னய்யா?"

"குளிச்சா போயிடும்."

கடனை நாங்கள் கட்டவில்லை. அவள் பெயர் தவணை தவறியவர் பட்டியலில் ஏறியது. ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பட்டியலை நானே படியெடுத்தேன். அவள் கைரேகை இருந்த அந்தப் பழைய கடன் ஏடு கரையானுக்குப் போகட்டும் என்று கோயிலில் வேண்டிக்கொள்வேன். ஆமாம், அதைத்தான் வேண்டினேன்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, ஓர் ஆனி மாதம், அஞ்சலை சங்கத்து வாசலில் நின்றாள். அரசு கொடுத்த ஓர் ஏக்கரை அவளிடம் விட்டுவிட்டு மாரியப்பன் இறந்திருந்தார். மேட்டூர் அணை திறக்கவில்லை. அவளுடைய குறுவை நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. குழாய்க்கிணறு போட வங்கியில் கடன் கேட்டிருக்கிறாள். சங்கத்தில் பாக்கி இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிச் சான்றிதழை மேசையில் வைத்தாள். "இந்தக் கடன் வாங்குன அன்னிக்கு எனக்கு ஒம்பது வயசு சார். ஒம்பது வயசுப் புள்ளைக்கு எந்தச் சங்கத்துல கடன் குடுப்பாங்க?"

சின்னய்யா என்று அவள் கூப்பிடவில்லை. எழுத்தர் சிரித்தார். "பட்டியல்படி ஒனக்கு இப்ப முப்பத்துநாலு. பாத்தா தெரியலையே."

"ஆமாங்க, ஒங்க பட்டியல்ல நான் சீக்கிரம் வளந்துட்டேன்."

பழைய ஏடு புயலில் நனைந்து போய்விட்டது, அதில்லாமல் திருத்த முடியாது என்று நான் சொன்னேன். மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நான்காவது முறையும் வந்தாள். கையிலிருந்த நாற்றைக் காட்டினாள். வைக்கோல் நிறத்தில் இருந்தது.

அன்று பிரதோஷம். சந்நிதியில் நின்றதும் பழகிய வேண்டுதல் நாக்கு நுனிக்கு வந்தது. சொல்ல முடியவில்லை. உடம்பெல்லாம் கூசியது. 'சுவாமி, அந்த ஏட்டைக் காட்டிக் கொடு. காட்டினால் ஓடிப்போகாமல் என்னைப் பிடித்துக்கொள்' என்று முதன்முறையாக மாற்றிக் கேட்டேன்.

மறுநாள் காலை பதிவறையைத் திறந்தேன். மேலே இருந்த ஏட்டைக் கரையான் தின்றிருந்தது. கீழே இருந்ததும் மண்ணாகிவிட்டது. நடுவில் அந்த ஏடு முழுசாக இருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டினேன். புளியங்கொட்டை அளவு ரேகை. பக்கத்திலேயே என் எழுத்தில்: வயது 21. யார் பார்த்தாலும் அது குழந்தையின் விரல் என்று தெரியும். தரையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த முதல் பதில் அது.

ஏட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் திருத்துறைப்பூண்டியில் மேலதிகாரியிடம் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டேன். என் பங்கு நிலத்தை விற்று வட்டியோடு கட்டினேன். வேலை போனது. வழக்கு நடந்தது. அப்பா சாகும்வரை என்னோடு பேசவில்லை. எதிலும் எனக்குக் குறையில்லை.

வேலையின் கடைசி நாளில், பாக்கி இல்லை என்ற சான்றிதழை அஞ்சலைக்கு நானே கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வேண்டும். பழக்கத்தில் என் கை ஸ்டாம்ப் பேடை அவள் பக்கம் நகர்த்தியது.

"மை வேணாம் சார். பேனா குடுங்க."

முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள். மன்னிப்புக் கேட்டேன். "குறுவை போச்சு சார். சம்பாவாவது பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த ஆண்டு அவள் வயலில் சம்பா விளைந்தது. நான் வரப்பில் இறங்காமல் சாலையில் நின்று பார்த்தேன்.

அன்பர்களே, ஒளித்து வைத்திருப்பதை மறைக்கச் சொல்லிச் சுவாமியைக் கேட்காதீர்கள். வெளியே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தார். உங்களுக்கும் கொடுப்பார். கூசும். கூசட்டும். இன்றும் குளிக்கும்போது என் வலது கையைத்தான் நெடுநேரம் தேய்க்கிறேன்.