சுக்குப் பெட்டியில் காய்ந்த வடகம்

எங்கள் வீட்டில் உப்பை அள்ளிப் போடுவதில்லை, ஊற்றுகிறோம். நான் கதை அளக்கிறேன் என்று நினைக்கும் சாத்தூர்க்காரர்கள் ஆனி, ஆடியில் ஒரு தடவை கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து எங்கள் உப்பு ஜாடியைத் திறந்து பார்க்கலாம். மேலே தண்ணீர் நிற்கும். உப்பு எங்கோ அடியில் இருக்கிறதென்று நம்பவேண்டியதுதான், கடவுளை நம்புகிற மாதிரி. தீப்பெட்டிக்கு அடுப்போரம் சூடு காட்டினால்தான் குச்சி பற்றும். துவைத்துப் போட்ட வேட்டி மூன்று நாள் கொடியில் தொங்கி, காயாமலே பழசாகும். உள்ளூர்க்காரர்கள் இதையெல்லாம் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. "மழையல்லே, பெய்யட்டே" என்று சாயாவை உறிஞ்சிக்கொண்டு மந்திரிசபையைக் கவிழ்ப்பதைப் பற்றிப் பேசுவார்கள். மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது தாலுகாவுக்குத் தாலுகா சண்டை போட்டார்களே, யாராவது வெயிலைப் பற்றி வாய் திறந்தார்களா? மொத்தத்தையும் உங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

எனக்குக் கொச்சங்காடியில் ஒரு குஜராத்தி சேட்டின் மலைச்சரக்குக் கிடங்கில் வேலை. மிளகும் சுக்கும் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குடியிருப்பு கிடங்குக்கு மேலேயே, மொட்டைமாடியை ஒட்டிய ஒற்றை அறை. தனியாள் இருக்கும்வரை அந்த அறை எனக்கு அரண்மனையாகத்தான் தெரிந்தது. போன வைகாசியில் கல்யாணமாகி வேலம்மாள் வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே மழையும் வந்தது. அவள் அம்மா சீராகக் கொடுத்தனுப்பிய ஒரு டின் வடகம் பத்தே நாளில் நமத்துப்போய், எண்ணெயில் போட்டால் பொரிவதற்குப் பதிலாகக் குளித்துவிட்டு வந்தது.

ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அதைத் தின்று பார்த்துவிட்டுப் போய் வேலம்மாளின் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "ஒரு வடகத்தைக் காயவைக்க வக்கில்லாத ஊர்லயா எம்மகளைக் கட்டிக் குடுத்தோம்?" என்று அந்த அம்மாள் தெருவையே கூட்டியதாக அடுத்து வந்தவர் வந்து சொன்னார். எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்தவீட்டுக்கு அழைத்துப் போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வேலம்மாள் ஈரச் சேலையை உதறிக்கொண்டே தன் முடிவைச் சொன்னாள்: "ஆடிக்கு அண்ணன் வருவாக. போனா நான் திரும்பி வாரதா இல்ல. இந்த ஊர்ல மனுச உடம்பு காயாதுங்க." நான் சிரித்து வைத்தேன். ஆனால் பயம் வந்துவிட்டது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. சாத்தூருக்குத் திரும்பினால் எனக்கு அங்கே மாமனார் கடையில் சேவு பொட்டலம் கட்டுகிற உத்தியோகந்தான்.

இந்தச் சமயத்தில்தான் பணிக்கர் சார் பெட்டியோடு வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் சூரிய வெப்பத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். மழைக்காலத்தில் கிடங்கிலிருக்கும் சுக்கு ஈரத்தை வாங்கிப் பூசணம் பிடிக்கிறதல்லவா, அதைத் தடுக்க ஒரு பெட்டி கண்டுபிடித்திருந்தார். கட்டில் அகலத்துக்கு மரப்பெட்டி, மேலே சாய்வாகக் கண்ணாடி மூடி, உள்ளே முழுக்கக் கறுப்பு வர்ணம், காற்றுப் போய்வரச் சில துளைகள், ஓரத்தில் ஒரு வெப்பமானி. அரைகுறை வெயிலையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். சேட்டு, செலவில்லாத காரியம் என்பதால் மாடியில் இடம் கொடுத்தார். கூடை கூடையாகச் சுக்கைப் போட்டு எடுத்தார் பணிக்கர் சார். ஆனால் வெயில் வந்தால்தானே பிடித்து வைக்க? எலி வராத வீட்டில் எலிப்பொறி மாதிரி பெட்டி வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

வேலம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "கண்ணாடி எதுக்கு சார்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் தமக்குத் தெரிந்த தமிழில் அக்கறையாகச் சொன்னார்: "வெயில் உள்ளே வரும், சூடு வெளியில் போகான் பற்றில்ல, முடியாது. கறுப்பு அந்த சூட்டை நல்லோணம் பிடிக்கும்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவர் படி இறங்கியதும் என்னிடம் வந்து, "நல்ல மூளைக்காரருங்க. காக்கா கொத்தாம இருக்கக் கண்ணாடி போட்டிருக்காரு. எங்க வீட்டுல வடகத்துப் பக்கத்துல கறுப்புக் குடைய விரிச்சு வைப்போம், காக்கா அண்டாது. அவரு பெட்டிக்கே கறுப்படிச்சுட்டாரு" என்றாள். ஒரு நாள் பெட்டியைக் கேட்டு வாங்கித் தரச் சொன்னாள். அது வியாபாரத்துக்கு வந்த ஆராய்ச்சி, அடுப்பங்கரைச் சாமானில்லை என்று மறுத்துவிட்டேன். அன்று இரவு சோற்றில் உப்பு ஊற்றப்படவில்லை.

ஆனி கடைசியில் ஒரு சாயங்காலம் மேற்கே வானம் வெளுத்தது. மறுநாள் காலையில், இரண்டு வாரமாகக் காணாத வெயில், கூசாமல் வந்து நின்றது. எர்ணாகுளத்து லாட்ஜில் கண் விழித்த பணிக்கர் சார் அடித்துப்பிடித்துப் படகேறி, சேட்டையும் பக்கத்துக் கிடங்கின் கொங்கணி வியாபாரி ஷேணாயையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெட்டியின் திறமையை இன்று காட்டினால் மட்டாஞ்சேரிக் கிடங்குகள் எல்லாவற்றிலும் பெட்டி ஏறிவிடும் என்பது அவர் கனவு. எல்லோரும் மாடியேறினோம்.

பெட்டிக்குள்ளிருந்த சுக்கு முழுவதும் ஓரமாகக் கூடைக்குப் போயிருந்தது. உள்ளே என் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. வேட்டி மேல் வரிசை பிசகாமல் வடகம். முதல் நாள் வெளுத்த வானத்தைப் பார்த்தே மாவு அரைத்து, விடியலில் கூழ் காய்ச்சியிருக்கிறாள். கையில் கரண்டியோடு நிமிர்ந்தவள் எங்களைப் பார்த்து, "மெதுவா வாங்க, தூசி விழும்" என்றாள்.

"எந்தா இது?" என்றார் பணிக்கர் சார். வெப்பமானியைக் குனிந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெள்ளைத் துணி இட்டு என்டெ கறுப்பை மறைச்சு களைஞ்ஞல்லோ!"

"கறுப்பு காக்காய்க்குத்தானே சார்? மூடிதான் இருக்கே, காக்கா எப்படி வரும்?"

எனக்கு வேலை போயிற்று என்றே முடிவு கட்டினேன். மனைவி போவது ஏற்கனவே நிச்சயம்; வேலையும் போனால் ரயில் டிக்கெட்டை ஒன்றாக வாங்கிவிடலாம் என்றுகூட ஓடியது புத்தி. ஆனால் சேட்டு வடகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தூக்கி, ஓரத்தில் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார். மேல்தோல் காய்ந்திருந்தது. "பணிக்கர் சாப், சுக்கு கிடக்கட்டும். எங்க வீட்டுக்கு இது ஒண்ணு வேணும். மழை வந்தா என் பொம்பளை பாப்பட் போட முடியலேன்னு என்னைப் பிடுங்கறா" என்றார். ஷேணாய் அவரை முந்தப் பார்த்தார். "எங்க வீட்டுல ஹப்பளம். மூணு பெட்டி பண்ணணும் சார், எனக்குத் தம்பிமார் ரெண்டு பேர் உண்டு." இத்தனை வருஷம் நான் பார்த்ததெல்லாம் மிளகு விலைக்கு முறைத்துக்கொள்கிற மனிதர்கள். ஒவ்வொருத்தர் வீட்டிலும் நமத்துப்போன ஒரு டின் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

பணிக்கர் சாரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சர்வகலாசாலை, சூரியன், ஏற்றுமதி என்று கிளம்பியவரைப் பிடித்து அப்பளக் கடையில் உட்கார வைத்துவிட்டோம். ஆனாலும் ஆராய்ச்சிக்காரர் ஆராய்ச்சிக்காரர்தான். போகும்போது, வேட்டியை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணி விரித்தால் இன்னும் சீக்கிரம் காயும் என்று வேலம்மாளிடம் சொல்லிவிட்டே போனார். இந்த முறை அவள் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். மறுநாளும் வெயில் இருந்தது. வீட்டிலிருந்த ஒரே கறுப்புத் துணி என் குடை. கம்பியை மட்டும் எனக்கு மிச்சம் வைத்தாள்.

ஆடி பிறந்தது, அண்ணன் வந்தார். ஒரு டின் நிறைய வடகத்தோடு வேலம்மாள் ரயிலேறினாள். திரும்பி வருவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியமில்லை. அந்த மாதம் முழுக்க மழையில் நனைந்துகொண்டே வேலை பார்த்தேன். புதுக்குடை வாங்கலாம்தான். வாங்கினால் அவள் வரமாட்டாள் என்பதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று மனசு அடம்பிடித்தது.

ஆவணி பிறந்ததும் சரக்கு பார்க்கிற சாக்கில் வெலிங்டன் தீவுக்குப் போய், ரயில் வரும் நேரமெல்லாம் ஸ்டேஷனிலேயே நின்றேன். நாலாம் நாள் அண்ணன் துணையோடு இறங்கினாள். ஒரு கையில் டின், மறு கையில் சாத்தூரில் வாங்கிய புதுக்குடை. வெயிலுக்கென்று செய்த குடை அது. படகுத்துறை போவதற்குள் ஒழுகிவிட்டது. படகில் வைத்துத்தான் சொன்னாள்.

"எங்கம்மா பொரிச்சு எல்லாருக்கும் குடுத்தாங்க. வடகம் பூராச் சுக்கு வாசனை. கசாயத்துல போட்டு எடுத்தியாடி, மலையாளத்து வடகம் இப்படித்தானான்னு ஒரே சிரிப்பு. எனக்கு வந்துச்சே கோவம். எங்க ஊர்ல இப்படித்தான் இருக்கும், இஷ்டமிருந்தா தின்னுங்கன்னுட்டேன்."

எந்த ஊரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் முகத்தைத் திருப்பிக் காயலைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அந்த மழையிலேயே எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது.

டின்னில் வந்தது அவள் அம்மா சாத்தூர் வெயிலில் காயவைத்த அசல் வடகம். பாலாக வெளுத்து, தொட்டால் முறியும். இங்கே வந்து ஒரு வாரத்தில் அதுவும் நமத்துவிட்டது. இன்று காலை கொஞ்சம் வெயில் தலைகாட்டியதும் வேலம்மாள் அதை எடுத்துப்போய், பெட்டியில் என் குடைத்துணியை விரித்து, மறுபடி காயப் போட்டிருக்கிறாள். சாயங்காலம் பொரித்துத் தருவாள். அதுவும் சுக்கு மணக்கும்.