யாமினியின் அட்டைக் கை

ஆந்திர எல்லையிலுள்ள புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டு போடும் வைத்தியசாலை ஒன்றில் கோவர்த்தனன் பதினான்கு வருடமாக வேலை செய்கிறான். எலும்பைத் தொட்டுப் பார்த்துச் சேர்ப்பது வைத்தியர். சேர்த்த பிறகு பச்சிலைச் சாறு தடவி, மூங்கில் பத்தை வைத்து, துணியை இறுக்கிச் சுற்றுவது இவன். ஒரு நாளைக்கு அறுபது கை கால். மாலையில் வீடு திரும்பும்போது தோளுக்குக் கீழே இருப்பதெல்லாம் வேறு யாருடையதோ போலிருக்கும்.

அன்று மகள் யாமினி வாசலிலேயே அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வகுப்பு. அம்மா நளினிக்குத் தடா பக்கத்துக் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். இந்த வார ப்ராஜெக்ட் அவன் தலையில்.

"கை செய்யணும் நைனா. நூலை இழுத்தா விரலு மடங்கணும். நாளைக்கு ஒவ்வொருத்தரா முன்னாடி நின்னு இழுத்துக் காட்டணுமாம்."

"சோறு துன்னியா?"

"அப்பறம் துன்றேன். போன வாட்டி மாதிரி படுத்துக்காத."

போன முறை எரிமலை. ஐந்து நிமிடம் என்று சாய்ந்தவன் விடிந்துதான் எழுந்தான். மற்ற பிள்ளைகளின் எரிமலை பொங்கியபோது யாமினி வெறுங்கையோடு ஓரத்தில் நின்று கைதட்டியிருக்கிறாள். அதை நளினியிடம்தான் சொன்னாள், அவனிடம் சொல்லவில்லை.

எனவே சாயவில்லை. முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். வகுப்பு மேடம் தெலுங்கில் பேசி அனுப்பிய வீடியோவை இரண்டு தரம் பார்த்தார்கள். யாமினியின் கையை அட்டையில் வைத்து வரைந்து வெட்டினான். இளநீர்க் கடையில் கேட்டு வாங்கிய ஸ்ட்ராவை அவள் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு விரல்களில் ஒட்டினாள். உள்ளே நூல் ஓடியது.

"போய்த் துன்னு. மீதிய நான் பாத்துக்கறேன்."

அவள் உள்ளே போனாள். ஒரு துண்டு பெயர்ந்து ஆடியது. பிளாஸ்திரி எடுத்து அதை ஒரு சுற்று சுற்றினான். கண் செருகிக்கொண்டு வந்தது. கை மட்டும் நிற்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது ஐந்து விரலும் முடிந்திருந்தன. வெள்ளையாக, நேராக, விறைப்பாக. அன்றைய அறுபத்தோராவது.

யாமினி நூலை இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

"மடங்கலியே நைனா."

வாங்கிப் பார்த்தான். இடைவெளி இருந்த இடத்தில்தான் இரட்டைச் சுற்று. அசைகிற இடம் எதுவென்று பார்த்து அதைக் கட்டுவதுதானே நாள் முழுக்க வேலை.

"இன்னா நைனா, கட்டு போட்டு வெச்சிருக்க! எப்போ உழுந்துச்சின்னு கேப்பாங்க மேடம்." சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். உதடு கோணிக்கொண்டது.

பிரித்தான். பிளாஸ்திரியோடு அட்டையின் தோலும் ஸ்ட்ராவும் வந்தன. வேறு அட்டை இருந்தது. நசுங்காத ஸ்ட்ரா மூன்று விரலுக்குத்தான் தேறியது. கடையை மூடியிருப்பார்கள்.

"இரு, இந்தவாட்டி..." என்று கை நீட்டினான்.

"நீ தொடாத."

"சொல்லியாச்சும் தரேன்."

"சொல்லவும் வாணாம். குந்திக்கினு இரு."

உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் கோணலாக வெட்டினாள், கோணலாக ஒட்டினாள், நூல் கோக்க எச்சில் தொட்டுத் தொட்டு வாய் கோந்தாயிற்று. ஒவ்வொரு இடைவெளியும் அவனை உறுத்தியது. கடைசியில் இழுத்தாள். மூன்று விரல் மடங்கின. இரண்டு நீட்டியபடியே நின்றன.

"ரெண்டும் மடங்காதே. கேட்டா இன்னா சொல்லுவ?"

"எங்க நைனா கட்டு போடறவருன்னு சொல்லுவேன். வேற இன்னாத்த சொல்ல?"

நடுவிரல் ஸ்ட்ரா லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு சுத்து சுத்தி..."

அவள் அட்டைக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒவ்வொரு கட்டு முடியும்போதும் மணியைப் பார்த்தான். மாலை வீட்டுக்கு வந்தபோது யாமினி கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"மடங்குச்சா?"

"ம்."

"மேடம் இன்னா சொன்னாங்க?"

"நீயே செஞ்சியான்னாங்க. ஆமான்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அப்பறம் எல்லாரும் வந்து இழுத்துப் பாத்தாங்க, நூலு அறுந்துட்சி."

கோவர்த்தனன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நாலு கடலையை அவன் கையில் போட்டாள். உரிக்கத் தெம்பில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.