ராணிப் பாவாடை தைத்தவர்

துணி மூட்டையைத் தலையில் சுமந்து தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடந்தே, பதுளைக் கடைத்தெருவில் மூன்று கடை வைத்தவன் நான். படிப்பு கிடையாது. துணி விஷயத்தில் மட்டும் என்னை ஏமாற்ற ஒருவன் இன்னும் பிறக்கவில்லை.

ஒரு மாசி மாதம், தோட்டத்துக் கூத்துக்கு ஜரிகை கொடுக்க என் சொந்த மாட்டுவண்டியில் போயிருந்தேன். ராணி வேஷம் கட்டுகிறவரே உடுப்பும் தைத்துக்கொண்டிருந்தார். வேஷத்துக்காக மீசையை மழித்த ஒல்லியான மனிதர். அடிக்கடி ஊசியைத் தலைமுடியில் ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வார். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை வட்டமாக நறுக்கிப் பாவாடை முழுக்கத் தைத்திருந்தார். வெள்ளி மாதிரி மின்னியது.

அப்போது கொஸ்லந்தையிலிருந்து ஆள் வந்தான். இவரை வளர்த்த அக்கா காலையில் இறந்துவிட்டாளாம்.

“வண்டியில ஏறுய்யா. என் மாடு பறக்கும். மொகத்தப் பாத்துடலாம்” என்றேன்.

“காப்பு கட்டியாச்சுங்க மொதலாளி. கூத்து முடியிற வரைக்கும் எழவு வீட்டுக்குப் போகக்கூடாது.”

“அவுத்துக் குடுத்துட்டு வா. ராணிக்கு வேற ஆளா இல்ல?”

“நடுவுல அவுத்தா கூத்தே நின்னு போயிருங்க.”

அவர் அழவில்லை. பாவாடை ஓரத்தை மடித்துத் தைத்தபடியே இருந்தார். வெயில் சாய்ந்தபோது தலை நிமிராமல் கேட்டார்.

“மொதலாளி, இந்நேரம் எடுத்திருப்பாங்களா?”

“எடுத்திருப்பாங்க.”

“சரிங்க” என்று எழுந்தார். பாவாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“பின்னால ஓரம் நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

நேராகத்தான் இருந்தது. இருந்தும் குனிந்து ஓரத்தை ஒருமுறை இழுத்துவிட்டேன்.