முப்பத்தெட்டு சதவீதம்

வாப்பா கட்டாரில் வேலை பார்த்த வருடங்களில் உம்மாவுக்கு அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம், கெலிஓயாவில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் இருந்த ஒரு சின்னக் கணினியில் கிடந்தன. உள்ளங்கை அளவு ஒற்றைப் பலகை, அதில் லினக்ஸ், சேமிப்புக்கு ஒரு மெமரி கார்ட். வாப்பா உயிரோடு திரும்பவில்லை, அங்கேயே மௌத்தானார். பிறகு உம்மாவின் கைபேசியும் பழுதாகிப் போனது. வேறெங்கும் பிரதி இல்லை. தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மா இரண்டு மூன்று செய்திகள் கேட்பார்.

குடும்பப் படங்களும் சேர்ந்ததில் கார்ட் நிரம்பியது. அக்குறணையில் நாலு மடங்கு பெரியதாக ஒன்று வாங்கப் போனேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார், சொன்னேன்.

“கதைக்கிறதுக்கு இவ்வளவு இடமா தங்கச்சி? வாப்பா என்ன, பள்ளிவாசல்ல பயான் பண்றவரா?”

“வாயத் தொறந்தா மூட மாட்டார்” என்றேன். இருவரும் சிரித்தோம்.

வீட்டில் ஒரு தாளில், செய்ய வேண்டியதை ஒன்பது வரிகளாக எழுதினேன். முதல் இரண்டு: பழைய கார்ட்டைப் புதியதற்கு அப்படியே பிரதி எடுப்பது, குரல்கள் ஒலிக்கின்றனவா என்று பார்ப்பது. இரண்டையும் முடித்து அடையாளமிட்டேன். பிரதி எடுத்தாலும் கூடுதல் இடம் தானாக வந்து சேராது. குரல்கள் இருந்த பகுதியைக் கார்ட்டின் கடைசிக்கு நகர்த்தி, அதன் முன்னால் இருந்த படங்களின் பகுதியை விரிக்க வேண்டும். அதே கார்ட்டிலிருந்து கணினியை இயக்கிக்கொண்டு அதைச் செய்ய முடியாது. இன்னொரு கார்ட் தேவை. என்னிடம் இருந்த இன்னொன்று பழையதுதான். சுத்தமாக இருக்கட்டும் என்று அதை முழுதாக அழித்துவிட்டு, அதில் புதிதாக லினக்ஸ் எழுதினேன். கையிருந்த ஒரே மாற்றுப் பிரதியை அலுவலகத்தில் வேறு யாராவது இப்படி அழித்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

நகர்த்தல் முப்பத்தெட்டு சதவீதத்தில் இருந்தபோது அஸர் தொழப் போனேன். கம்பளைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. தொழுகையில் நிற்கும்போதே இடி கேட்டது. இடி கேட்டால் எங்கள் வீட்டில் முதல் வேலை எது என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். ஆனால் ஒன்பது வரிகளில் ஒன்றிலும் அதை எழுதியிருக்கவில்லை.

ஸலாம் கொடுத்து எழுந்து வந்தபோது திரை இருண்டிருந்தது. டீவி, ஃப்ரிட்ஜ், கணினி, எல்லா வயர்களும் தரையில் கிடந்தன.

“நல்ல நேரம் நான் கண்டது மகள்” என்றார் உம்மா. “ஒன்ட அந்தச் சின்னப் பெட்டியத்தான் மொதல்ல கழட்டினேன். வாப்பா ஈக்கிறது அதுலதானே.”

நான் கார்ட்டைக் கழற்றி என் அறைக்குக் கொண்டுபோனேன்.

தரவை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனதில் கார்ட்டே கெட்டுவிட்டது. எனக்குத் தெரிந்த எல்லா மீட்பு மென்பொருளையும் ஓட்டினேன். கோப்புகளின் பட்டியல் வந்தது. நாள், நேரம், அளவு எல்லாம் சரி. திறந்தால் ஒலி இல்லை. முதல் கோப்பிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நடுவில் நிறுத்தியிருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் உம்மா வேலியருகே சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. “அன்டைய இடிக்கு நான் மட்டும் பாக்காட்டி எல்லாம் எரிஞ்சி போயிரிக்கும்.”

இன்றும் மஃரிபுக்குப் பிறகு வழக்கம்போல் உம்மா என் அறைக்கு வந்தார்.

“இன்னம் திருத்தி முடியல்லயா?”

“தேதியெல்லாம் வந்திரிக்கி உம்மா.”

“அப்ப உள்ளுக்கு அவரும் ஈப்பார்தானே.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். வயரைக் கழற்றியது யார் என்பதைச் சொல்லாமல், குரல்கள் போய்விட்டன என்பதை மட்டும் சொல்ல ஒரு வழி தேடினேன். உம்மா விடாமல் கேட்பார், எப்படிப் போனது என்று. இடி இடித்து இன்று பதினொன்றாவது நாள். அவர் உட்கார்ந்திருக்கிறார், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.