லண்டன் ஆற்றங்கரையில் மூன்று பால்மாப் பேணிகள்

1993ஆம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 10.20. தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. லண்டன் பாலத்தடிப் பொலிஸ் நிலையத்திலிருந்து பேசினார்கள். என் மகள் நிலானி ஆற்றங்கரைக் கம்பியில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றிய மூன்று தகரப் பேணிகளைக் கட்டினாளாம், தடுத்து வைத்திருக்கிறார்கள். நகரத்தில் ஐரிஷ் ஆயுத இயக்கத்தின் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது.

அவள் புகைப்படக்கலை மாணவி. பால்மாப் பேணியில் ஊசியால் ஒரு துளை, உள்ளே படத்தாள்: அதுதான் அவளுடைய கமரா. கடல் வற்றும் நேரத்தில் ஆற்று நீர் இறங்குவதை ஒரே இடத்திலிருந்து பன்னிரண்டு படங்களாக எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவி, இறுதிப் பரீட்சைக்குக் கொடுக்க இருந்தாள். ஏற்கனவே படமெடுத்த ஒன்பது பேணிகள் அவள் கட்டிலுக்கடியில் இருந்தன. "திறந்திடாதேங்கோ அப்பா, வெளிச்சம் பட்டால் படம் போயிடும்" என்று சொல்லியிருந்தாள்.

10.35. நான் ஒன்பதையும் திறந்தேன். தாள்களைக் கிழித்தேன். இலங்கையில், எங்கள் ஊரில் ஆமி ஒருவரைப் பிடித்தால் வீட்டிலிருப்பவர்கள் முதலில் சந்தேகம் வரக்கூடியதையெல்லாம் அழித்து வீட்டைத் துப்புரவாக்குவார்கள். என் தம்பியைப் பிடித்த அன்று அவன் எழுதிய கொப்பிகளை அடுப்பில் போட்டவனும் நான்தான்.

11.05. பேணிகளையும் கிழித்த தாள்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கோலியர்ஸ் வுட் போனேன். தெரிந்த தமிழ்க் கடையின் பின்புறக் குப்பைத் தொட்டியில் பையைப் போட்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, உங்கடை குப்பைக்கும் என்ரை கடைதானோ?"

"ஓம் தம்பி, அவசரமாப் போறன்."

அங்கிருந்து நிலக்கீழ் ரயிலின் நோர்தேர்ன் லைனில் லண்டன் பாலம் பன்னிரண்டாவது நிலையம். வழமையாக அரை மணித்தியாலம். அன்று ஸ்ரொக்வெல்லில் ரயில் நின்றது. "சந்தேகத்துக்குரிய பொதி" என்று அறிவித்தார்கள். எதிரே இருந்தவர் பத்திரிகையிலிருந்து தலையெடுக்காமல், "யாராவது சாப்பாட்டுப் பையை மறந்திருப்பான்" என்றார். நான் தாள்களைக் கிழித்த கைகளை மடியில் ஒளித்துக்கொண்டேன்.

12.30. அதிகாரி ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "இப்படியான பேணிகள் வீட்டிலும் இருக்கின்றனவா?"

"இல்லை" என்றேன். சீருடையைக் கண்டால் என் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான்.

அவர் தன் குறிப்புத் தாளைப் பார்த்தார். "ஒன்பது இருப்பதாக உங்கள் மகள் சொல்கிறாள்."

பிறகு என்னோடு யாரும் பேசவில்லை. அவளை விடவும் இல்லை. சுவரில் காணாமற்போன ஒரு நாயின் படம் ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.15. என் பொய்தான் அவளை உள்ளே வைத்திருக்கிறது என்பது தாங்க முடியாமல் எழுந்துபோய் உண்மையைச் சொன்னேன். கடையின் பெயரையும் கொடுத்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார். "ஏன்?" என்று கேட்டார். நான் கடைக்குப் போகும் வழியை அவருடைய தாளில் வரைந்து கொடுத்தேன்.

3.00. நிலானியின் கல்லூரி ஆசிரியை வந்தார். இரண்டு பொலிசாரோடு அந்த மூன்று பேணிகளையும் கல்லூரி இருட்டறைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது அவர் கையில் மூன்று ஈரத் தாள்கள். மூன்றிலும் ஆறு, சேறு, படிக்கட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படி கூடுதலாகத் தெரிந்தது.

4.50. கடைசியாக நிலானி வந்தாள். பொலிசார் கழற்றி வாங்கியிருந்த சப்பாத்து நாடாக்கள் கையில் இருந்தன. நான் அவள் பையை வாங்கக் கைநீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

"எல்லாத்தையும் திறந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை."

அவள் ஆசிரியை கொடுத்த ஈரத் தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"பொலிஸ்காரர் மூண்டையும் இருட்டுக்குள்ளை வைச்சுத்தான் திறந்தவங்கள், அப்பா."